சி.ஆர்.டி: அமெரிக்கப் பள்ளிகளை உலுக்கும் மூன்றெழுத்து... அப்படி என்னதான் இருக்கு அதில்?

2021 அக்டோபர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சவுத்லேக் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. வகுப்பறை நூலகத்தில் எந்தப் புத்தகத்தை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்பதுதான் விஷயம். பயிற்சி கொடுத்த கல்வி அதிகாரி ஒரு கட்டத்தில், 'ஹோலோகாஸ்ட் பற்றிய புத்தகம் வைத்திருந்தால், அதற்கு எதிரான பார்வையில் எழுதப்பட்ட புத்தகமும் வைத்திருக்கிறீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்' என்கிற பொருளில் பேசினார். ஆசிரியர்கள் அதிர்ந்துபோனார்கள். ஹிட்லரின் ஆட்சியில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதற்கு 'எதிர்த்தரப்பு' என்று ஒன்று இருக்கிறதா என்ன?

அந்த ஆடியோ வெளியே வந்தது. பள்ளி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. ஆனால் அந்த அதிகாரி அப்படிப் பேசக் காரணமாக இருந்தது, அந்த ஆண்டு டெக்சாஸில் வந்த ஒரு புதிய சட்டம். சர்ச்சைக்குரிய விஷயங்களைப் பேசும்போது ஆசிரியர்கள் ஒரு பக்கம் சாயாமல், பல தரப்புப் பார்வைகளையும் காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். அரசியல் மேடைகளில் அதற்கு வைக்கப்பட்ட பெயர், 'கிரிட்டிக்கல் ரேஸ் தியரிக்குத் தடை'.

கிரிட்டிக்கல் ரேஸ் தியரி, சுருக்கமாக சி.ஆர்.டி. கடந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் தேர்தல்களின் போக்கை மாற்றிய, ஆசிரியர்களின் வேலையைப் பறித்த, அதிபரின் கையெழுத்து வரை போன மூன்றெழுத்து. அது என்ன, ஏன் இவ்வளவு சண்டை, அங்கே குழந்தைகளைப் படிக்கவைக்கும் நம்மவர்களுக்கு இதில் என்ன சம்பந்தம்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சி.ஆர்.டி என்றால் என்ன?

முதலில் ஒரு விஷயம். இது பள்ளிப் பாடமாகப் பிறந்தது அல்ல. 1970-கள், 80-களில் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் உருவான ஆய்வுமுறை. ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியரான முதல் கறுப்பினத்தவர் டெரிக் பெல், கிம்பர்லே கிரென்ஷா, ரிச்சர்ட் டெல்காடோ, மாரி மட்சுதா போன்றவர்கள் இதை வளர்த்தெடுத்தார்கள். 1989-ல் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் நடந்த பயிலரங்கில்தான் இந்தப் பெயரோடு இது ஓர் இயக்கமாகத் திரண்டது.

அவர்கள் கேட்ட கேள்வி சிம்பிளானது. 1954-ல் பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1964-ல் சிவில் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. காகிதத்தில் எல்லோரும் சமம். அப்புறமும் ஏன் வீடு, வேலை, படிப்பு, சிறை என்று எதை எடுத்தாலும் கறுப்பினத்தவர்கள் பின்னால் இருக்கிறார்கள்?

அவர்களுடைய பதில்: நிறவெறி என்பது சில கெட்ட மனிதர்களின் மனதில் மட்டும் இருப்பதல்ல. சட்டங்களிலும் விதிகளிலும் நிறுவனங்களின் நடைமுறைகளிலும் அது படிந்திருக்கிறது. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே அந்த நடைமுறைகள் பாகுபாட்டைத் தொடர்ந்து உருவாக்க முடியும்.

ஓர் உதாரணம். 1930-களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று, 200-க்கும் அதிகமான நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கடன் கொடுக்கப் பாதுகாப்பான பகுதிக்குப் பச்சை நிறம். ஆபத்தான பகுதிக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பில் இருந்தன. இதைத்தான் 'ரெட்லைனிங்' என்கிறார்கள். அந்த வரைபடங்களில் இருந்த அதே பார்வையோடு செயல்பட்டன அரசின் கடன் உத்தரவாதத் திட்டங்களும் தனியார் வங்கிகளும். 1968-ல்தான் வீட்டுவசதியில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

சரி, அதோடு முடிந்ததா? இல்லை. அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கு வரும் பணத்தில் கணிசமான பங்கு அந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு மதிப்பு குறைந்த ஏரியாவில் வரி வசூல் குறைவு. வசூல் குறைந்தால் பள்ளிக்குச் சிக்கல். தாத்தாவுக்குக் கிடைக்காத வீட்டுக் கடன், பேரனின் வகுப்பறை வரை வந்து நிற்கிறது. 2022-ல் அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ் எடுத்த கணக்குப்படி, ஒரு நடுத்தர வெள்ளையினக் குடும்பத்தின் சொத்து மதிப்பு சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்கு அது சுமார் 45,000 டாலர். இந்த இடைவெளிக்கு ரெட்லைனிங் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அதை விட்டுவிட்டு இந்த எண்களைப் புரிந்துகொள்ளவும் முடியாது.

இன்னோர் உதாரணம், கிரென்ஷா எடுத்துக்காட்டிய ஒரு வழக்கு. கறுப்பினப் பெண்கள் சிலர் ஜெனரல் மோட்டார்ஸ் மீது வழக்குப் போட்டார்கள். 1964-க்கு முன்பு அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு 'கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே' என்ற முறையில் ஆட்குறைப்பு வந்தபோது அவர்கள் வேலை இழந்தார்கள். 1976-ல் நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், அதனால் பாலினப் பாகுபாடு இல்லை. இனப் பாகுபாடு புகாரா, அதை வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கலந்து ஒரு தனிப் பிரிவை உருவாக்க முடியாது. ஆனால், வேலைக்கு எடுக்கப்பட்ட அந்தப் பெண்கள் வெள்ளையினப் பெண்கள். எடுக்கப்பட்ட கறுப்பினத்தவர்கள் ஆண்கள். நடுவில் இருந்த கறுப்பினப் பெண்கள் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியவே இல்லை. இந்த இடத்தில்தான் கிரென்ஷா 1989-ல் 'இன்டர்செக்ஷனாலிட்டி' என்ற சொல்லைக் கொண்டுவந்தார்.

சட்டக் கல்லூரியில் இருந்தது தெருவுக்கு வந்தது எப்படி?

முப்பது ஆண்டுகள் இது பேராசிரியர்களின் விவாதமாகவே இருந்தது. 2019-20ல் நிலைமை மாறியது.

2019 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் இதழ், நிகோல் ஹன்னா ஜோன்ஸ் தலைமையில் '1619 திட்டம்' என்ற தொகுப்பை வெளியிட்டது. ஆப்பிரிக்க அடிமைகள் வர்ஜீனியாவுக்குக் கொண்டுவரப்பட்ட 1619-ஐ மையமாக வைத்து அமெரிக்க வரலாற்றைப் பார்த்தால் என்ன என்பது அதன் யோசனை. அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது, கடும் விமர்சனமும் கிடைத்தது. பெயர்பெற்ற ஐந்து வரலாற்று ஆய்வாளர்கள் உண்மைப் பிழைகள் இருப்பதாகக் கடிதம் எழுதினார்கள். பின்னர் ஒரு முக்கியமான வாக்கியத்தை அந்த இதழ் திருத்தியது.

2020 மே 25-ல் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் போலீஸ்காரரின் முழங்காலுக்கு அடியில் மூச்சுத் திணறி இறந்தார். நாடே தெருவுக்கு வந்தது. நிறுவனங்களும் அரசுத் துறைகளும் பள்ளிகளும் அவசர அவசரமாகப் பன்முகத்தன்மைப் பயிற்சிகளை நடத்த ஆரம்பித்தன. அவற்றில் சில நன்றாக இருந்தன. சில, வந்தவர்களைத் தோல் நிறத்தை வைத்துப் பிரித்து, குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது போல இருந்தன.

கிறிஸ்டோபர் ரூஃபோ என்ற வலதுசாரிச் செயற்பாட்டாளர் இந்தப் பயிற்சி ஆவணங்களைத் திரட்டி, 2020 செப்டம்பர் தொடக்கத்தில் ஃபாக்ஸ் நியூஸில் பேசினார். அந்த மாதம் 22-ம் தேதியே அதிபர் டிரம்ப், அரசுத் துறைகளில் இத்தகைய பயிற்சிகளைத் தடுக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். பைடன் பதவியேற்ற முதல் நாளே அதை ரத்து செய்தார். ஆனால் சண்டை அதற்குள் மாநிலங்களுக்குப் போய்விட்டது. 2021 மார்ச்சில் ரூஃபோ வெளிப்படையாகவே ட்விட்டரில் எழுதினார்: மக்களுக்குப் பிடிக்காத கலாசார விஷயங்கள் எல்லாவற்றையும் 'சி.ஆர்.டி' என்ற ஒரே பிராண்டுக்குக் கீழே கொண்டுவருவதுதான் தங்கள் நோக்கம் என்று.

சட்டங்கள் என்ன சொல்கின்றன?

2021 ஏப்ரலில் ஐடாஹோ தொடங்கிவைத்தது. அடுத்து ஓக்லஹோமா, டென்னசி, டெக்சாஸ், அயோவா. 2022-ல் ஃபுளோரிடா ஆளுநர் ரான் டிசான்டிஸ் 'ஸ்டாப் வோக்' சட்டத்தில் கையெழுத்திட்டார். 2021 ஜனவரிக்குப் பிறகு 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிப்பட்ட மசோதாக்களோ கட்டுப்பாடுகளோ முன்வைக்கப்பட்டன. அவற்றில் பாதிக்கும் குறைவான மாநிலங்களில்தான் அவை நடைமுறைக்கு வந்தன.

இதில் ஒரு சுவாரஸ்யம். பல சட்டங்களில் 'சி.ஆர்.டி' என்ற சொல்லே கிடையாது. 2020-ல் டிரம்ப் போட்ட உத்தரவில் இருந்த 'பிளவுபடுத்தும் கருத்துகள்' பட்டியலைத்தான் அவை எடுத்துக்கொண்டன. ஓர் இனம் இன்னோர் இனத்தைவிட உயர்ந்தது என்று கற்பிக்கக் கூடாது. முன்னோர் செய்ததற்கு ஒரு மாணவர் பொறுப்பு என்று சொல்லக் கூடாது. ஒருவர் தன் இனத்தின் காரணமாகக் குற்றவுணர்வோ மன வேதனையோ அடைய வேண்டும் என்று கற்பிக்கக் கூடாது.

படித்தால் எல்லாம் நியாயமாகத்தானே இருக்கு என்று தோன்றும். சிக்கல், அதை வகுப்பறையில் நடைமுறைப்படுத்தும்போது வருகிறது. 1921-ல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் வெள்ளையினக் கும்பல், கறுப்பினத்தவர்களின் செழிப்பான வணிகப் பகுதியைக் கொளுத்தி மக்களைக் கொன்றது. இதை ஓர் ஆசிரியர் நடத்துகிறார். ஒரு மாணவி வீட்டுக்குப் போய் அழுகிறாள். ஆசிரியர் 'நீ குற்றவுணர்வு அடைய வேண்டும்' என்று கற்பித்தாரா, அல்லது வரலாறே அவளை அழவைத்ததா? புகார் வந்தால் யார் முடிவு செய்வது?

எதிர்ப்பவர்கள் தரப்பு என்ன?

இதை வெறும் நிறவெறி என்று ஒதுக்கிவிட முடியாது. எதிர்ப்பில் மூன்று வாதங்கள் இருக்கின்றன.

ஒன்று, குழந்தைகளை இனமாகப் பார்க்காமல் தனி மனிதர்களாகப் பாருங்கள் என்பது. எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் 'நீ ஆதிக்கம் செய்பவன்', 'நீ ஒடுக்கப்பட்டவன்' என்று முத்திரை குத்துவது எந்த விதத்தில் நியாயம்? கலிஃபோர்னியாவின் குப்பர்டினோவில், ஆசிய வம்சாவளிக் குழந்தைகள் பெரும்பான்மையாக உள்ள ஒரு பள்ளியில், மூன்றாம் வகுப்பு மாணவர்களிடம் அவரவர் அடையாளங்களை அதிகாரம், சலுகை அடிப்படையில் வரிசைப்படுத்தச் சொன்னதாக ரூஃபோ 2021-ல் எழுதினார். பெற்றோர் எதிர்ப்புத் தெரிவித்ததும் அந்தப் பாடம் நிறுத்தப்பட்டது.

இரண்டு, பெற்றோரின் உரிமை. எங்கள் வரிப் பணத்தில் நடக்கும் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா என்ற கேள்வி. கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்பு நடந்தபோது பெற்றோர் முதன்முறையாக வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். 2021 நவம்பரில் வர்ஜீனியா ஆளுநர் தேர்தலில் கிளென் யங்கின் வெற்றிபெற இந்தக் கோபம் கைகொடுத்தது. 2022 ஜனவரியில் பதவியேற்ற அன்றே அவர் போட்ட முதல் உத்தரவு இதைப் பற்றியதுதான்.

மூன்று, தியரியின் மீதான விமர்சனம். இது வலதுசாரிகளிடமிருந்து மட்டும் வரவில்லை. ஹார்வர்டின் கறுப்பினச் சட்டப் பேராசிரியர் ராண்டல் கென்னடி, 1989-லேயே இந்த எழுத்துகளின் சில அடிப்படைகளைக் கேள்வி கேட்டு நீண்ட கட்டுரை எழுதினார். மொழியியல் பேராசிரியர் ஜான் மெக்வோர்ட்டர், இன்றைய நிறவெறி எதிர்ப்புப் பேச்சு கறுப்பினத்தவர்களைச் சுயபலம் இல்லாதவர்களாகக் காட்டுகிறது என்கிறார்.

அப்போ பள்ளிகளில் சி.ஆர்.டி நடத்துகிறார்களா, இல்லையா?

'சட்டக் கல்லூரி மாணவர்களுக்கே புரிய நேரமாகும் விஷயம், பள்ளியில் யார் நடத்துகிறார்கள்?' என்பது ஆசிரியர்களின் வழக்கமான பதில். டெரிக் பெல்லின் கட்டுரையை ஐந்தாம் வகுப்பில் யாரும் நடத்துவதில்லை என்ற அளவில் அது உண்மை. ஆனால் முழு பதில் அல்ல. 2021 ஜூலையில் அமெரிக்காவின் மிகப் பெரிய ஆசிரியர் சங்கமே, பாடத்திட்டம் சி.ஆர்.டி உள்ளிட்ட ஆய்வுமுறைகளின் அடிப்படையில் அமைவது பொருத்தமானது என்ற பொருளில் தீர்மானம் போட்டது. எதிர்ப்பவர்களுக்கு அல்வா மாதிரி ஓர் ஆதாரம் கிடைத்தது.

இன்னொரு பக்கம், தடையின் வலையில் சிக்குவது தியரி இல்லை, சாதாரண வரலாறு. ரூபி பிரிட்ஜஸ் என்ற ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி 1960-ல் நியூ ஆர்லியன்ஸில் வெள்ளையர் பள்ளிக்குள் நுழைந்தபோது, அவளைச் சுற்றி ஃபெடரல் மார்ஷல்கள் காவலுக்கு நடந்தார்கள். வெளியே பெரியவர்கள் கூட்டமாக நின்று கத்தினார்கள். டென்னசியில் 2021-ல் பெற்றோர் அமைப்பு ஒன்று, இரண்டாம் வகுப்பில் ரூபியைப் பற்றிய புத்தகம் சொல்லிக்கொடுக்கப்பட்ட விதத்தைப் புதிய சட்டத்தின் கீழ் புகாராகக் கொடுத்தது. நடைமுறைக் காரணத்தைச் சொல்லி மாநிலக் கல்வித் துறை அதை ஏற்கவில்லை. ஆனால் புகார் வந்த செய்தியே ஆசிரியர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ராண்ட் ஆய்வு நிறுவனம் 2023-ல் நடத்திய கருத்துக்கணிப்பில், அரசியல், சமூக விஷயங்களை வகுப்பில் பேசுவதைக் குறைத்துக்கொண்டதாக 65% ஆசிரியர்கள் சொன்னார்கள். இதில் தடைச் சட்டமே இல்லாத மாநிலங்களின் ஆசிரியர்களும் அடக்கம். வம்பு எதற்கு என்று ஒதுங்கிவிட்டார்கள்.

2023 ஜனவரியில் ஃபுளோரிடா, மேல்நிலைப் பள்ளிகளுக்கான ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகள் பாடத்தின் சோதனை வடிவத்தையே நிராகரித்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த அதன் புதிய வரலாற்றுப் பாடத் தரநிலையில், அடிமைகள் கற்றுக்கொண்ட திறன்கள் சில சமயங்களில் அவர்களுக்கே தனிப்பட்ட முறையில் பயன்பட்டன என்று ஒரு விளக்கம் இருந்தது. அப்போதைய துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஜாக்சன்வில்லுக்கே போய் அதைக் கண்டித்தார். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட சியாமளா கோபாலனின் மகளான கமலா, சிறுவயதில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் நிறப் பிரிவினையை உடைப்பதற்காக விடப்பட்ட பள்ளிப் பேருந்தில் போய்ப் படித்தவர்.

நீதிமன்றம் என்ன சொன்னது?

இரண்டு முக்கியத் தீர்ப்புகள். ஃபுளோரிடா சட்டத்தில் பல்கலைக்கழகப் பேராசிரியர்களைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு 2022 நவம்பரில் ஃபெடரல் நீதிபதி தடை விதித்தார். 2024 மே மாதம் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு ஃபெடரல் நீதிபதி, அந்த மாநிலச் சட்டம் தெளிவில்லாதது, எதைச் சொன்னால் தப்பு என்று ஆசிரியருக்கே தெரியாது என்று சொல்லி, அது செல்லாது என்றார்.

ஆனால் பள்ளிகள் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு இருக்கும் கருத்துச் சுதந்திரம் பள்ளி ஆசிரியருக்கு அப்படியே கிடையாது. பாடத்திட்டத்தை முடிவு செய்வது மாநிலமும் உள்ளூர்ப் பள்ளி வாரியமும்தான். அதனால்தான் அங்கே பள்ளி வாரியத் தேர்தலுக்கு இவ்வளவு அடிதடி.

நமக்கு என்ன இதில்?

டெக்சாஸ், வர்ஜீனியா, கலிஃபோர்னியா. இந்தச் சண்டை சூடாக நடந்த இடங்களில் பல, ஐ.டி வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் இடங்கள். அவர்கள் எந்தப் பக்கம்? ஒரே பக்கம் இல்லை.

வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் உயர்நிலைப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டின் டாப் அறிவியல் பள்ளிகளில் ஒன்று. 2020-ல் அதன் மாணவர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் ஆசிய வம்சாவளி, அதில் இந்தியர்களும் கணிசம். அந்த ஆண்டின் இறுதியில், பன்முகத்தன்மைக்காக நுழைவுத் தேர்வை நீக்கிச் சேர்க்கை முறையை மாற்றினார்கள். அடுத்த பேட்ச்சில் ஆசிய மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாகக் குறைந்தது. கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களுக்கு இடம் கூடியது. 'என் பிள்ளை கஷ்டப்பட்டுப் படித்ததற்கு இதுதான் பலனா?' என்று ஆசியப் பெற்றோர் கோர்ட்டுக்குப் போனார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்தது. அந்தப் பெற்றோரின் வலி உண்மையானது.

இன்னோர் உண்மையும் இருக்கிறது. 1923-ல் பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அன்றைய சட்டப்படி, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டும்தான் குடியுரிமை பெற முடியும். அக்கால இன அறிவியல்படி தானும் காகேசியர்தான் என்று வாதாடினார் திந்த். நீதிமன்றமோ, சாதாரண மனிதர் 'வெள்ளையர்' என்று யாரைப் புரிந்துகொள்கிறாரோ அவர்தான் வெள்ளையர் என்று சொல்லி, ஒருமனதாக மறுத்துவிட்டது. ஏற்கெனவே குடியுரிமை பெற்ற இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. 1946-ல்தான் அந்தக் கதவு மீண்டும் திறந்தது, அதுவும் ஆண்டுக்கு 100 இந்தியர்களுக்கு மட்டும் அனுமதி என்ற கோட்டாவோடு. நாடு வாரியான பழைய ஒதுக்கீட்டை ஒழித்த 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பினத்தவர்களின் சிவில் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் வந்தது. இன்று நம்மவர்கள் அங்கே விசாவோடு போய் இறங்குவதற்கு அந்தப் போராட்டமும் ஒரு காரணம்.

'இனம் என்பது இயற்கை போட்ட கோடு அல்ல, சட்டம் போட்ட கோடு' என்று சி.ஆர்.டி சொல்வதற்குத் திந்த் வழக்கைவிட எளிய விளக்கம் கிடைக்காது. வேடிக்கை என்னவென்றால், 'வோக்' பாடங்களைத் தடுத்த ஃபுளோரிடாவே 2023 மே மாதம், ஆசிய அமெரிக்கர்களின் வரலாற்றைப் பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. 1882-ல் சீனர்களுக்குப் போட்ட தடை, 1942-ல் முகாம்களில் அடைக்கத் தொடங்கிய சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர், இவற்றையெல்லாம் சட்டத்தையும் அரசையும் தொடாமல் ஓர் ஆசிரியர் எப்படி நடத்துவார்?

இப்போது நிலைமை என்ன?

2025 ஜனவரி 29-ல், இரண்டாவது முறை அதிபரான டிரம்ப், பள்ளிகளில் 'தீவிரவாதக் கருத்துத் திணிப்பை' முடிவுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லி ஓர் உத்தரவு போட்டார். அத்தகைய பாடம் நடத்தும் பள்ளிகளுக்கு ஃபெடரல் நிதியை நிறுத்தத் திட்டம் தயாரிக்கச் சொன்னது அது. பிப்ரவரியில் கல்வித் துறை, பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. ஆகஸ்டில் மேரிலாந்தில் ஒரு ஃபெடரல் நீதிபதி அந்தக் கடிதம் செல்லாது என்று தீர்ப்பளித்தார்.

பள்ளிகளின் பணத்தில் ஃபெடரல் பங்கு சுமார் பத்தில் ஒன்றுதான். பாடத்திட்டத்தில் மத்திய அரசு தலையிடக் கூடாது என்று ஃபெடரல் சட்டமே சொல்கிறது. கல்வியை மாநிலங்களிடமே திருப்பிக் கொடுக்கிறோம் என்று 2025 மார்ச்சில் கல்வித் துறையை மூடும் முயற்சியைத் தொடங்கியதும் இதே அரசுதான். ஒரு கையில் 'எங்களுக்கு வேண்டாம்', இன்னொரு கையில் 'நாங்கள் சொல்வதை நடத்து'.

இந்த விவாதத்தில் 'சி.ஆர்.டி வேண்டுமா, வேண்டாமா' என்று கேட்டால் பதில் வராது. ஒவ்வொருவர் மனதிலும் அந்த மூன்றெழுத்துக்கு ஒவ்வொரு அர்த்தம். குழந்தையைத் தோல் நிறத்தை வைத்துக் கூனிக்குறுக வைக்கும் பாடம் வேண்டாம் என்றால், பெரும்பாலானவர்கள் தலையாட்டுவார்கள். டல்சாவும் ரூபி பிரிட்ஜஸும் பாடத்தில் இருக்க வேண்டும் என்றாலும், பெரும்பாலானவர்கள் தலையாட்டுவார்கள். இரண்டுக்கும் நடுவே கோடு போட வேண்டியவர், 30 பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கும் ஆசிரியர். சட்டங்கள் அவருக்கு அந்தக் கோட்டைக் காட்டித் தரவில்லை. தாண்டினால் வேலை போகும் என்பதை மட்டும் சொல்லியிருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சாதாரண மனிதர் என்ன செய்வார்? அந்தப் பக்கத்தைப் படிக்காமல் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார். அவர் தாண்டிப்போகும் பக்கங்களில் பகத் சிங் திந்த்தின் பக்கமும் ஒன்றாக இருக்கலாம். அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நம்ம வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாமலே போகும்.